வேலைக் கணக்கும் கடைப் பற்று நோட்டும்

"இன்று ரொக்கம், நாளை கடன்" என்று எழுதிய பலகை தொங்காத மளிகைக் கடை நம் பக்கத்தில் இல்லை. அந்தப் பலகைக்கு நேர் கீழே, கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில், பற்று நோட்டு இல்லாத மளிகைக் கடையும் இல்லை. வாரக்கூலி வாங்குகிற ஊரில் கடன் கொடுக்க மாட்டேன் என்று உட்கார்ந்தால் ஈ ஓட்ட வேண்டியதுதான். ஆகவே கடன் கொடுப்பதா வேண்டாமா என்பது நம் தொழிலில் கேள்வியே அல்ல. யாருக்கு, எவ்வளவு, எந்த மாதத்தில் என்பதுதான் கேள்வி. வாங்குகிறவர் கைக்கு அடுத்த சனிக்கிழமை கூலி வருமா, வராதா என்பதை முன்கூட்டி ஊகிக்கத் தெரிந்தவர் நிற்கிறார். தெரியாதவர் பேரேட்டைப் புரட்டிக்கொண்டு பெருமூச்சு விடுகிறார்.

இப்போது செய்தித்தாளில் மாதந்தோறும் ஒரு செய்தி வருகிறது. வேலையின்மை இத்தனை சதவீதம் குறைந்தது, அல்லது இத்தனை சதவீதம் கூடியது என்று. நம்மில் பலர் அதைப் படித்துவிட்டு, "இது டெல்லிக்காரர் கணக்கு, நமக்கென்ன?" என்று வெற்றிலைபாக்கு மடிக்க அந்தத் தாளைக் கிழித்து விடுகிறோம். வேறு சிலர் "வேலை பெருகிவிட்டதாம், இந்தத் தீபாவளிக்கு நூறு மூட்டை கூடுதலாகப் போடலாம்" என்று கிளம்புகிறார்கள். இரண்டும் தவறு என்பதைக் கையைச் சுட்டுக்கொண்டுதான் நாம் அறிந்தோம். அந்தச் சூட்டை மற்ற அன்பர்களும் படவேண்டாம் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

நாம் பட்ட பாடு

விருதுநகரில் பருப்பு, வத்தல், மல்லி மொத்த வியாபாரம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்து வருகிறோம். நம்மிடம் சரக்கு எடுக்கிறவர்களில் பலர் சிவகாசிச் சுற்றுவட்டாரத்துச் சில்லறைக் கடைக்காரர்கள். அவர்களுடைய வாடிக்கையாளர் பெரும்பாலும் பட்டாசு ஆலை, தீப்பெட்டி ஆலைத் தொழிலாளர்கள். அங்கே வழக்கம் ஒன்று உண்டு. தீபாவளி முடிந்ததும் பட்டாசு ஆலைகள் சில வாரங்கள் மூடியிருக்கும். அந்தச் சில வாரங்களுக்குக் கடைக்காரர் பற்றில் சரக்குக் கொடுப்பார். ஆலை திறந்து கூலி வந்ததும் வாரம் கொஞ்சமாகக் கழிப்பார்கள். இது தலைமுறை தலைமுறையாக நடந்து வந்த ஏற்பாடு.

2018-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் தேதி பட்டாசு பற்றி உச்சநீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. பசுமைப் பட்டாசு மட்டுமே செய்யலாம், பேரியம் உப்பு சேர்க்கக்கூடாது என்றது. பேரியம் இல்லாமல் எதைச் செய்வது என்று தெரியாமல், அந்தத் தீபாவளிக்குப் பின் மூடிய ஆலைகள் பல, பொங்கல் கழிந்தும் திறக்கவில்லை.

அந்தப் பகுதியில் கடை வைத்திருந்த ஓர் இளைஞர் நம்மிடம் ஒழுங்காகச் சரக்கு எடுத்து வந்தவர். கார்த்திகை மாதம் வந்து, "அண்ணாச்சி, ஆலை திறக்க இந்தத் தடவை கொஞ்சம் தாமதம் ஆகும் போலிருக்கு. பருப்பும் எண்ணெயும் கொடுக்காமல் இருக்க முடியலை. எல்லாம் நம்ம ஊர்ச் சனம்" என்றார். நாமும் யோசிக்கவில்லை. "வழக்கமாக நடக்கிறதுதானே தம்பி, எடுத்துக்கிட்டுப் போ" என்று லாரியில் ஏற்றி அனுப்பினோம். மார்கழியிலும் அனுப்பினோம். தையிலும் அனுப்பினோம். கோடை வந்தபோது அவர் பற்று நோட்டில் ஊரே கடன்காரர். நம் பேரேட்டில் அவர் கடன்காரர்.

அந்த இளைஞர் நாணயஸ்தர். மனைவியின் நகையை அடகு வைத்து நம் பாக்கியில் பாதியைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்தப் பணத்தை எண்ணி வரவு வைத்த கை நம்முடைய கை. "எடுத்துக்கிட்டுப் போ" என்று மூன்று மாதம் சொன்ன வாயும் நம்முடைய வாய்தான். இன்று நினைத்தாலும் மனம் உறுத்துகிறது.

அரசு சொன்ன எண்

இது நடந்து ஓராண்டுக்குப் பின், 2020 ஜூன் மாதத்தில் மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பு அறிக்கை ஒன்று வெளிவந்தது. 2018 ஜூலை முதல் 2019 ஜூன் வரையிலான கணக்கு. அதாவது நம் இளைஞரின் கடை தள்ளாடிய அதே பன்னிரண்டு மாதம். அந்த ஆண்டில் நாட்டின் வேலையின்மை விகிதம் 5.8 சதவீதம், அதற்கு முந்திய ஆண்டில் 6.0 சதவீதம் என்று செய்தி படித்தோம். குறைந்திருக்கிறது! நம் பேரேட்டில் பள்ளம், அரசுக் கணக்கில் மேடு. இது எப்படி?

கல்லூரியில் பொருளாதாரம் கற்பிக்கும் நம் மருமகனிடம் இதைக் கோபத்தோடுதான் கேட்டோம். "மாமா, கணக்கு பொய்யில்லை. அவங்க கேட்ட கேள்வி வேற, நீங்க எதிர்பார்க்கிற பதில் வேற. 'உனக்கு வேலை உண்டா' என்று அவங்க கேட்டாங்க. 'இந்த வாரம் கூலி வந்துச்சா' என்று நீங்க கேட்கிறீங்க" என்றார். பத்தாவது வரை படித்த நமக்கு அன்று மாலைதான் இந்த எண்களின் உள்விவகாரம் புரியத் தொடங்கியது. அவர் சொன்னதையும், பின்னர் நாமே படித்து அறிந்ததையும் கடை வழக்கில் சொல்கிறோம்.

ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம்

உங்கள் கடை இருக்கும் தெருவில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் நூறு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் நாற்பது பேர் படிக்கிறவர்கள், முதியவர்கள், வீட்டுவேலை மட்டும் பார்க்கிறவர்கள். இவர்கள் வேலை தேடவில்லை. மீதி அறுபது பேர் வேலைக்கு முன்வந்தவர்கள். இந்த அறுபதில் 57 பேருக்கு வேலை இருக்கிறது. மூன்று பேர் தேடிக்கொண்டிருக்கிறார்கள். வேலையின்மை விகிதம் என்பது அறுபதுக்கு மூன்று, அதாவது 5 சதவீதம். நூறுக்கு மூன்று அல்ல என்பதைக் கவனிக்கவும். வேலைக்கு முன்வராதவர் இந்தக் கணக்கிலேயே இல்லை.

அடுத்த ஆண்டு, தேடிய மூவரில் இரண்டு பேர் தேடித்தேடி அலுத்து வீட்டில் உட்கார்ந்து விட்டார்கள் என்று கொள்வோம். இப்போது முன்வந்தவர் 58 பேர், வேலை இல்லாதவர் ஒருவர். விகிதம் 2 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. செய்தித்தாளில் "வேலையின்மை பாதிக்கு மேல் சரிவு" என்று வரும். ஆனால் உங்கள் கடையில் ஒரு படி அரிசி கூடுதலாக விற்றிருக்குமா? வேலை பார்ப்பவர் அன்றும் 57, இன்றும் 57.

இதனால்தான் வேலையின்மை விகிதத்தை மட்டும் பார்க்கக்கூடாது. அதே செய்தியில், அதே அறிக்கையில், "வேலை பார்ப்போர் விகிதம்" என்று இன்னொரு எண் இருக்கும். மக்கள்தொகையில் நூற்றுக்கு எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்பது அது. நம் தெருக் கணக்கில் 57. இந்த எண் அசையாமல் வேலையின்மை மட்டும் இறங்கினால் மகிழ்ந்துவிட வேண்டாம்.

கூலி வராத வேலை

அதுவும் போதாது. அதே தெருவில் ஐந்து வீட்டுப் பெண்கள் தங்கள் வீட்டுக் கடையில், தறியில், தோட்டத்தில் கணவருக்கு ஒத்தாசையாக உட்காரத் தொடங்குகிறார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. ஆனால் அரசுக் கணக்கில் இவர்களும் வேலை பார்ப்பவர்கள்தாம். குடும்பத் தொழிலில் சம்பளம் இல்லாத உதவியாளர் என்று சுயதொழில் கணக்கில் சேர்கிறார்கள். இப்போது வேலை பார்ப்பவர் 62. விகிதம் ஏறிவிட்டது. தெருவுக்குள் புதிதாக ஒரு ரூபாய் வரவில்லை.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. நம் வீட்டுப் பெண்கள் கல்லாவில் உட்காராவிட்டால் நம் கடைகளில் பாதி இன்று திறந்திருக்காது. அந்த உழைப்பை உழைப்பு என்று எண்ணுவது நியாயமே. ஆனால் உழைப்பும் ரொக்கமும் வேறு வேறு என்பதை வியாபாரி மறக்கக்கூடாது.

நாட்டின் கணக்கைப் பாருங்கள். 2017-18-இல் பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரில் வேலையின்மை 6.0 சதவீதம். 2023-24-இல் 3.2 சதவீதம். வேலை பார்ப்போர் விகிதம் 46.8-லிருந்து 58.2 ஆனது. வேலைக்கு முன்வரும் பெண்கள் நூற்றுக்கு 23.3-லிருந்து 41.7 ஆனார்கள். இதுவரை படித்தால் நூறு மூட்டை கூடுதலாகப் போடத் தோன்றும். அடுத்த பக்கத்தைத் திருப்ப வேண்டும். வேலை பார்ப்பவர்களில் சுயதொழில் செய்வோர் பங்கு 52.2-லிருந்து 58.4 ஆகக் கூடியிருக்கிறது. மாதச் சம்பளக்காரர் பங்கு 22.8-லிருந்து 21.7 ஆகவும், தினக்கூலிக்காரர் பங்கு 24.9-லிருந்து 19.8 ஆகவும் இறங்கியிருக்கிறது. அதாவது பங்கில் வளர்ந்தது சம்பளச் சீட்டோ வாரக்கூலியோ அல்ல, சொந்தப் பிழைப்பு. சொந்தப் பிழைப்புக்காரர் வருமானம் மழையைப் போல. பெய்யும் வாரம் பெய்யும், பெய்யாத வாரம் பெய்யாது. அவருக்குப் பற்று கொடுக்கும் முறையும் மாதச் சம்பளக்காரருக்குக் கொடுக்கும் முறையும் ஒன்றாக இருக்க முடியாது.

ஆண்டுக் கணக்கா, வாரக் கணக்கா?

இனி நம் சிவகாசிப் புதிருக்கு வருவோம். அரசு இரண்டு விதமாகக் கேட்கிறது. ஒன்று, "வழக்கமான நிலை". கடந்த 365 நாளில் பெரும்பகுதி என்ன செய்தீர்கள் என்ற கேள்வி. அதோடு, வேறு வகையில் முப்பது நாளாவது வேலை பார்த்திருந்தால் அதுவும் சேரும். ஆலை நான்கு மாதம் மூடிக்கிடந்தாலும், மீதி எட்டு மாதம் வேலை பார்த்தவர் இந்தக் கணக்கில் வேலையுள்ளவர். அவர் நான்கு மாதம் பற்றில் சாப்பிட்டது அந்த எண்ணில் தெரியாது.

இரண்டாவது, "நடப்பு வார நிலை". கடந்த ஏழு நாளில் ஏதாவது ஒரு நாளில் ஒரு மணி நேரமாவது வேலை பார்த்தீர்களா என்ற கேள்வி. பார்த்திருந்தால் வேலையுள்ளவர். ஒரு மணி நேரம் என்பது நமக்குச் சிரிப்பாக இருக்கலாம். இருந்தாலும் ஆலை மூடிய மாதம் கொஞ்சமாவது இந்த இரண்டாவது கணக்கில்தான் வெளியே தெரியும். மூடிய வாரத்தில் வந்து கேட்டால், வேலை தேடியவர் வேலையில்லாதவர் என்றே பதிவாவார்.

இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் பெரிய தவறு நேரும். 2025 மே மாதம் 15-ஆம் தேதி அரசு முதன்முறையாக மாதாந்தர எண்ணை வெளியிட்டது. 2025 ஏப்ரல் மாதத்துக்கு 5.1 சதவீதம். 2023-24-இல் 3.2 இருந்தது 5.1 ஆகிவிட்டதே என்று கடைவீதியில் பேச்சு எழுந்தது. அது தவறு. 3.2 என்பது ஆண்டு நிலைக் கணக்கு, 5.1 என்பது வார நிலைக் கணக்கு. கிலோவையும் படியையும் நேருக்கு நேர் வைத்து, விலை ஏறியது இறங்கியது என்று சொல்லலாமா? வார நிலையை வார நிலையோடும், ஆண்டு நிலையை ஆண்டு நிலையோடும்தான் பார்க்கவேண்டும். அதிலும் பருவம் உண்டு. தீபாவளிக்கு முந்திய மாதத்தை அதற்குப் பிந்திய மாதத்தோடு ஒப்பிடாமல், சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுவது நலம்.

மூட்டையும் லாரியும்

இன்னொரு சந்தேகம் வரும். நாட்டில் இத்தனை கோடிப் பேரையும் கேட்கிறார்களா? இல்லை. 2017-18-இல் கேட்கப்பட்டவை 1,02,113 குடும்பங்கள். 2025 ஜனவரியிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2,72,000 குடும்பங்கள். இதை வைத்து எப்படிச் சொல்வது என்று நாம் கேட்கக்கூடாது. லாரியில் இருநூறு மூட்டை உளுந்து வந்தால் அத்தனையையும் கொட்டியா பார்க்கிறோம்? பத்து மூட்டையில் கம்பி குத்தி, கைப்பிடி எடுத்து, தூசி, ஈரம் பார்த்து விலை பேசுகிறோம். அதே வித்தைதான்.

ஆனால் அந்த வித்தையின் எல்லையும் நமக்குத் தெரியும். பத்து மூட்டை மாதிரி, லாரிச் சரக்கைச் சொல்லும். அடுக்கின் அடியில் நனைந்திருக்கும் அந்த ஒரு மூட்டையைச் சொல்லாது. நாட்டின் எண் நாட்டைச் சொல்லும். உங்கள் தெருவை உங்கள் நோட்டுதான் சொல்லவேண்டும். 2018-19-இல் நாட்டுக் கணக்கு லாரி, சிவகாசி அதில் நனைந்த மூட்டை.

கூலி உயர்வும் விலை உயர்வும்

கூலி எண்களையும் இப்படியே நிறுத்துப் பார்க்கவேண்டும். 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி நடந்த நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2023-24-இல் நாள் கூலி 294 ரூபாய், 2024-25-இல் 319 ரூபாய், 2025-26-இல் 336 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. 319 என்பது 336 ஆனால் உயர்வு சதவீதத்தில் ஐந்தும் சொச்சமும். அதே காலத்தில் அந்த வீட்டுச் சாமான் சிட்டை நான்கு சதவீதம் ஏறினால், வாங்கும் சக்தி கூடியது ஒரு சதவீதமும் சொச்சமும்தான். சிட்டை ஏழு சதவீதம் ஏறினால் கூலி உயர்ந்தும் அவர் ஏழையாகிவிட்டார். அப்போது அவர் அரைக் கிலோ கேட்ட இடத்தில் கால் கிலோ கேட்பார்.

அறிவித்த கூலியும் கைக்கு வந்த கூலியும்கூட ஒன்றல்ல. 2024 நவம்பர் இறுதியிலிருந்து நம் மாநிலத்தில் அந்தக் கூலி நிலுவையில் நின்று, 2025 ஜனவரியில் முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதும் நிலை வந்தது. அந்தப் பொங்கலுக்குக் கிராமத்துக் கடைகளில் பற்று நோட்டு தடித்ததை வசூலுக்குப் போன நம் ஆட்கள் கண்ணால் பார்த்தார்கள்.

விலைவாசியை அறிய, ஆலைத் தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டெண் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு விலையை நூறாக வைத்துக் கணக்கிடுகிறார்கள். நாட்டில் 88 நகரங்களில் 317 சந்தைகளிலிருந்து விலை எடுக்கிறார்கள். சென்னை, கோவை, மதுரை, சேலம் அதில் உண்டு. அந்தக் கணக்கில் உணவுப்பொருளுக்கு மட்டும் நூற்றுக்கு 39 பங்கு எடை. மத்திய அரசு ஊழியரின் அகவிலைப்படி ஜனவரி 1, ஜூலை 1 என்று ஆண்டில் இருமுறை உயர்வது இந்த எண்ணை வைத்துத்தான். அந்த விலையைச் சொல்வது யார்? நம்மைப் போன்ற கடைக்காரர்கள். விலை கேட்டு வருகிறவரை வரி அதிகாரி என்று பயந்து வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்புகிறவர்கள் நம்மில் உண்டு. அப்படிக் குறைத்துச் சொன்னால் குறைவது நம் வாடிக்கையாளரின் படி. முடிவில் நம் வியாபாரம்.

கடையில் செய்யவேண்டியது

மேலே சொன்னதையெல்லாம் மனப்பாடம் செய்யவேண்டாம். வேலை பற்றிய எண் ஒன்று கண்ணில் பட்டால் ஐந்து கேள்வி கேளுங்கள்.

1. இது எந்த மாதத்து, எந்த ஆண்டுக் கணக்கு? வெளியான தேதியைப் பார்த்து ஏமாறக்கூடாது.

2. ஆண்டு நிலையா, வார நிலையா?

3. வேலை பார்ப்போர் விகிதமும் கூடவே ஏறியதா?

4. ஏறியிருந்தால், சம்பளமா, தினக்கூலியா, சொந்தப் பிழைப்பா?

5. கூலி ஏறியது என்றால், விலையைக் கழித்தபின் மிச்சம் எவ்வளவு?

ஐந்துக்கும் பதில் கிடைத்தபின் உங்கள் கணக்கைத் திறவுங்கள். ஒரு சாதாரண நோட்டில் வாரத்துக்கு மூன்று வரி எழுதினால் போதும். கூலி நாளில் வசூலான ரொக்கம் எவ்வளவு. அந்த வாரம் புதிதாக ஏறிய பற்று எவ்வளவு. பழைய பாக்கியில் ஒரு ரூபாய்கூடக் கழிக்காத வீடுகள் எத்தனை. இதை ஓராண்டு எழுதினால் சென்ற ஆண்டு இதே வாரத்தோடு ஒப்பிட முடியும். இரண்டு வாரம் தொடர்ந்து வசூல் இறங்கி, கழிக்காத வீடு கூடினால், செய்தித்தாள் என்ன சொன்னாலும் கொள்முதலைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரேயடியாகப் பற்றை நிறுத்தவேண்டாம். அது ஊரைப் பகைக்கும் வழி. அரிசி, பருப்பு, எண்ணெய் மட்டும் அளவாகக் கொடுத்து, மற்றதை ரொக்கத்துக்கு மாற்றுங்கள்.

மொத்த வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. சில்லறைக் கடைக்காரர் நம் சரக்கை எடுக்கிறார் என்பதே நமக்கு நல்ல செய்தி அல்ல. அவர் எடுத்தது விற்றதா, பற்றில் போனதா என்று கேட்டபின் லாரியில் ஏற்றவேண்டும். 2018 கார்த்திகையில் நாம் அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் ஒரு பெண்ணின் நகை அடகுக்குப் போயிருக்காது.

அந்த இளைஞர் இன்றும் கடை வைத்திருக்கிறார். மீதிப் பாக்கியைத் தவணையாகக் கட்டி முடிக்க மூன்று ஆண்டு ஆயிற்று. வட்டி நாம் கேட்கவில்லை. நகையை அவர் மீட்டுவிட்டார். மூன்று வரி நோட்டு அவர் கல்லாவில் இருக்கிறது. போன தடவை வந்தபோது அதைப் பிரித்துக் காட்டி, "அண்ணாச்சி, இந்த மாசம் முப்பது மூட்டை வேண்டாம், இருபது போதும்" என்றார். பத்து மூட்டை வியாபாரம் குறைந்ததில் நமக்கு வருத்தம் இல்லை. ஆழமறியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சொன்னதை அவர் நம்மைவிடச் சீக்கிரம் கற்றுக்கொண்டார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கணக்கெடுப்பவர் உங்கள் கடைக்கோ வீட்டுக்கோ வந்தால் அஞ்சவேண்டாம். 2008-ஆம் ஆண்டுப் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டம், சொன்னவர் யார் என்று தெரியும்படி விவரத்தை வெளியிடுவதைத் தடுக்கிறது. ஒரு முக்காலியைப் போட்டு, தண்ணீர் கொடுத்து, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கல்லாவில் உட்காரும் உங்கள் வீட்டம்மாவின் வேலையையும் மறக்காமல் சொல்லுங்கள். நாம் சரியாகச் சொன்ன எண்தான் நாளை நமக்குச் சரியாகத் திரும்பி வரும்.